வாடகைக்கு வந்தவன் வித்த ஊரு

கைடு வேலை பாக்கப் போறியாமே, பேராண்டி? உங்கம்மா சொன்னா. நல்ல தொழில்தான். வெயில்ல காயாம, வலை இழுக்காம, வாயாலேயே பாடு பாத்துடலாம். எங்கப்பாரு உசுரோட இருந்தா நெஞ்சில அடிச்சிக்கிட்டு, அப்புறம் எவ்வளவு கெடைக்கும்னு கேட்டிருப்பாரு. நான் நேரா ரெண்டாவதுக்கு வந்துட்டேன். எவ்வளவு கெடைக்கும்?

சரி, கெடைக்கறது கெடைக்கட்டும். எறங்குறதுக்கு முன்ன பெரியவன் சொல்றதக் கேட்டுக்க. கேட்டுட்டு உன் இஷ்டத்துக்குச் செய். நம்ம குடும்பத்துல பெரியவங்க சொன்னபடி நடந்தவன் எவனும் கெடையாது, நீ மட்டும் ஏன் வழக்கத்தைக் கெடுக்கணும்?

மொதல்ல ஓசோன். தரங்கம்பாடியில எறங்கினதுமே வர்றவங்க எல்லாரும் மூச்சை ஒரு இழுப்பு இழுப்பாங்க. "ஓசோன் காத்து நெறைஞ்ச கடற்கரையாமே?"ன்னு கேப்பாங்க. உன் தங்கச்சி பாடப் புத்தகத்தைப் பிரிச்சு எனக்கு வாசிச்சே காட்டிட்டா. ஓசோன் நமக்கு நல்லது பண்றது 15 கிலோமீட்டருக்கு மேல, ஆகாசத்துல நின்னுக்கிட்டு. அதே ஓசோன் மூக்குக்கு நேரா வந்துச்சுன்னா நெஞ்சு கரிக்கும், இருமல் வரும். கடலோரத்துல அடிக்கிற வாசம் பாசியும் கடல்ல கெடக்கற சின்னச் சின்ன உசுருங்களும் விடற வாயு. அதோட நம்ம தெருக் கருவாட்டையும் சேத்துக்க. ஆனா வந்தவங்கள மறுத்துப் பேசாத. இம்புட்டு தூரம் காசு குடுத்து மூச்சு வாங்க வந்தவங்க நல்லா வாங்கட்டும். "அப்படின்னு சொல்லிக்கறாங்க"ன்னு ஒரு வார்த்தை கடைசியில போட்டுக்க. பொய் சொல்லலைன்னு ஆயிடும், வியாபாரமும் கெடாது. உலகத்துல பாதி சரித்திரம் அந்த ஒரு வார்த்தையிலதான் நிக்குது.

அடுத்தது துறைமுகம். "பழைய துறைமுகம் எங்க?"ன்னு தேடுவாங்க. நீயும் கையை நீட்டி எதையாவது காட்டித் தொலைக்காத. பெரிய கப்பல் வந்து அணைஞ்ச துறைன்னு இங்க ஒண்ணு இருந்ததே இல்ல. தெறந்த கடலு. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். அலை உடையற எடத்தைத் தாண்டி சரக்கையும் தொரையையும் கரைக்குக் கொண்டாந்தது சலங்கும் கட்டுமரமும். அலை பொரட்டிப் போட்டா தொரைக்கும் அதே உப்புத்தண்ணிதான். கடைசி நாலு முழத்துக்குப் படகும் வராது, தோள்தான். நானூறு வருஷத்து உலக வியாபாரம், ராசா கடிதாசு, வேதப் புஸ்தகம், அச்சு மிஷின், பீரங்கி, எல்லாம் நம்ம மீனவப் பட்டினவன் கை படாம இந்த மண்ணைத் தொட்டதில்ல. கோட்டையில இருக்கற பலகையில இதை எழுத எடம் பத்தலை போல. நீ வாயால சொல்லிடு.

இப்ப டேனிஷ்காரன் கதைக்கு வா. அதைத்தான எல்லாரும் கேப்பாங்க.

கோபன்ஹேகன்ல 1616-ல ஒரு கம்பெனி ஆரம்பிக்கறாங்க. நாலாம் கிறிஸ்டியன்னு ராசா. அவருகிட்ட போஷோவர்னு ஒரு டச்சுக்காரன் போயி, "கண்டி ராசா எனக்கு ரொம்ப வேண்டியவர், போர்ச்சுகீசியன அடிக்க ஒத்தாசை கேக்கறாரு, கப்பல் அனுப்புங்க, இலங்கையே நமக்கு"ன்னு அளந்துவிட்டான். ராசாவும் நம்பி 1618-ல கப்பல் விட்டாரு. தலைவன் ஓவே யெட்டே. இருபத்தஞ்சு வயசு கூட நெறையாத பய, உன்னவிடச் சின்னவன், ஆனா அவன் வேலைக்குப் போயிட்டான் பாரு. ரெண்டு வருஷம் கடல்ல. பாதிக்கு மேல ஆளுங்க வழியிலேயே போயிட்டாங்க, தரகு பேசின போஷோவரும் சேத்துத்தான். இலங்கையில எறங்கினா கண்டி ராசா, "எனக்கு ஒண்ணும் வேண்டாம், நீங்க பொறப்படுங்க"ங்கறாரு. போர்ச்சுகீசியனோட அவரு அதுக்குள்ள சமாதானமாயிட்டாரு.

இதுக்கு நடுவுல முன்கூட்டிப் போன ஒரு கப்பல். கிராப்பேன்னு ஒருத்தன் அதுல தலைவன். காரைக்காலுக்குப் பக்கத்துல போர்ச்சுகீசியன் அந்தக் கப்பலை அடிச்சு நொறுக்கிட்டான். மாட்டினவன் தலையைக் கரையில கழியில குத்தி வெச்சானாம். கிராப்பேயும் கொஞ்சம் பேரும் தப்பிச்சுக் கரையேறினாங்க. பிடிச்சவங்க நேரா தஞ்சாவூருக்குக் கொண்டு போனாங்க. அங்க ரகுநாத நாயக்கர். அவரு பாட்டும் வீணையும் தெரிஞ்சவரு மட்டுமில்ல, கணக்கும் தெரிஞ்சவரு. நாகப்பட்டினத்துல போர்ச்சுகீசியன் கொட்டம் ஜாஸ்தி, எதிர்ல இன்னொருத்தன் கடை வெச்சா நல்லதுதான்னு யோசிச்சாரு. நனைஞ்ச கோழியா வந்து நின்ன வெள்ளைக்காரன்கிட்ட வியாபாரம் பேசினாரு பாத்தியா, அதுதான் சாமர்த்தியம்.

1620 நவம்பர்ல உடன்படிக்கை. பொண்ணு பாக்க வந்தது இலங்கையில, தாலி கட்டினது தரங்கம்பாடியில. அஞ்சு மைல் நீளம், மூணு மைல் அகலம் நெலம். வருஷத்துக்கு 3111 ரூவா குத்தகை. நல்லாக் கவனி, குத்தகை. நாயக்கரு தங்கத் தகட்டுல ஓலை எழுதி டேனிஷ் ராசாவுக்கு அனுப்பினாரு. அது இன்னமும் கோபன்ஹேகன்ல பத்திரமா இருக்கு. பதிலுக்கு அவங்க இங்க வந்து நமக்கு அடிச்சுக் குடுத்த காசு எதுல தெரியுமா? ஈயம். தங்கத்துல ஓலை போச்சு, ஈயத்துல காசு வந்துச்சு. விறைப்பா நிக்காம இதைச் சிரிச்சுக்கிட்டே சொல்லணும், டேனிஷ்காரன் கூட்டத்துல நின்னா அவனும் சிரிப்பான். நல்ல ஆளுங்க.

கோட்டை கட்டினாங்க. டான்ஸ்போர்க்னு பேரு. கீழ சரக்கு அறை, ஜெயிலு, சமையல் கட்டு. மேல கவர்னரும் பாதிரியாரும் சாமியும். மிளகும் துணியும் இங்கேருந்து போச்சு. மனுஷனும் போனான்டா. பஞ்ச காலத்துல ஏழை பாழையைப் பிடிச்சு அடிமையாக் கப்பல்ல ஏத்தினதும் இதே கரைதான். அதை எவனாவது ஒருத்தன் கேட்டா மட்டும் சொல்லாத. கேக்காட்டியும் சொல்லு.

எனக்குப் பிடிச்ச கதை இனிமேதான் வருது. இதைச் சொல்றப்ப கூட்டத்தை நெழல்ல நிக்க வை, வெயில்ல நின்னா பாதியில டீக்கு ஓடிடுவாங்க.

அங்க ஐரோப்பாவுல சண்டை. ராசா கையில காசில்ல. கம்பெனி நொடிச்சுப் போச்சு. 1640-களோட தொடக்கத்துக்குப் பொறவு இங்க ஒரு டேனிஷ் கப்பல் கூட எட்டிப் பாக்கலை. ஒரு வருஷமா ரெண்டு வருஷமா? கால் நூற்றாண்டுக்கு மேல! கோட்டையில இருந்தவங்க ஒவ்வொருத்தராக் காய்ச்சல்லயும் வயித்தாலயும் போயிச் சேந்தாங்க. 1655 வாக்குல மிஞ்சினது ஒரே ஒரு டேனிஷ்காரன். எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கேன்னு பேரு. வாயில நொழையலைன்னா எஸ்கில்னு சொல்லிக்க. பெரிய குடும்பம் கெடையாது, சாதாரண ஆளு. சம்பளம் குடுக்க ஆளில்ல, கடிதாசு போட்டா பதிலில்ல, ஊருக்குப் போவக் கப்பலில்ல. நீயா இருந்தா என்னடா பண்ணியிருப்ப? மெட்ராசுக்கு பஸ் ஏறியிருப்ப. அவன் கொடியை எறக்கவே இல்ல. இங்கத்து ஆளுங்களையும் போர்ச்சுகீசியக் கலப்பு ஆளுங்களையும் சேத்துக்கிட்டு, வங்காளத்துக் கப்பலைக் கடல்ல மறிச்சு வழிப்பறி பண்ணி, அந்தக் காசுல ஊரைச் சுத்தி மதில் கட்டினான். தஞ்சாவூரு நாயக்கரு படை வந்து நின்னப்பவும் பேசியும் முண்டியும் சமாளிச்சான்.

1669-ல திடீர்னு டென்மார்க்குலேருந்து ஒரு கப்பல் வருது. கோட்டை இருக்கா இடிஞ்சுதான்னு கூடத் தெரியாம வந்தவங்க பாத்தா, கொடி பறக்குது, ஒத்த ஆளு நிக்கறான். என்ன பண்ணுவாங்க? அவனையே கவர்னரா ஒத்துக்கிட்டு உத்தரவு குடுத்தாங்க. திருட்டுக் காசுல மதில் கட்டினவன்னு அவன் மேல ஒருத்தரும் வழக்குப் போடலை. ஜெயிச்சவன் கணக்கை யாரும் தணிக்கை பண்றதில்ல. அந்த மதிலுதான் பின்னாடி ஊருக்கு எல்லையாச்சு. ஊருக்குள்ள நொழையற எடத்துல இருக்கே நெலவாசல், மேல ராசா முத்திரையோட, அது 1792-ல கட்டினது, எஸ்கில் கட்டினதில்ல. ரெண்டையும் கொழப்பிக்காத, வர்றவங்கள்ல ஒருத்தனாவது படிச்சுட்டு வருவான்.

இனிமே சீகன்பால்கு அய்யரு. பாத்துப் பேசணும். ஜெபக்கூட்டத்துலேருந்தும் வருவாங்க, பல்கலைக்கழகத்துலேருந்தும் வருவாங்க, ரெண்டு பேருக்கும் ஒரே மனுஷன்கிட்ட வேற வேற வேண்டுதலு.

பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஜெர்மன்காரரு. டேனிஷ் ராசா அனுப்பினாரு. கூட்டாளி புளுட்சோ. 1706 ஜூலை 9-ஆம் தேதி எறங்கினாங்க. மறுநாள் அய்யருக்கு 24-ஆவது பொறந்த நாளு. அனுப்பினது டேனிஷ் ராசா, ஆனா இங்க இருந்த டேனிஷ் கமாண்டருக்கு இவங்களப் பாத்தாலே ஆவலை. வியாபாரம் பண்ற எடத்துல சாமி பேச ஆளு வந்தா கல்லாக்காரன் மொகம் கோணத்தான செய்யும்? ரெண்டு வருஷத்துல அய்யரைப் பிடிச்சு இதே டான்ஸ்போர்க்ல நாலு மாசம் உள்ள போட்டாரு. கும்பிட்டு அனுப்பின ராசாவும் டேனிஷ், பூட்டு போட்ட கமாண்டரும் டேனிஷ். நம்ம ஊரு ஆபீசுங்கள்ல மேலேருந்து வர்ற உத்தரவு என்ன கதிக்கு ஆவுதுன்னு வர்றவங்களுக்கு நீ தனியா வெளக்கவே வேண்டாம்.

தமிழை எப்படிப் படிச்சாரு தெரியுமா? ஒரு வயசான வாத்தியாரப் பிடிச்சு, பள்ளிக்கூடத்துப் பொடிசுங்களோட உக்காந்து மணல்ல விரலால எழுதி. அந்த வயசுல கால மடக்கி உக்காந்தாரு பாரு, அதுக்கே ஒரு கும்பிடு போடலாம். நீ மூணு வருஷம் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல பெஞ்சில உக்காந்து என்னத்தக் கண்ட?

அப்புறம் அச்சு. லண்டன்லேருந்து ஒரு அச்சுப்பொறியை அனுப்பினாங்க. வழியில பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரன் கப்பலையே பிடிச்சுட்டான். மீட்டுக் கொண்டாந்தா, அச்சடிக்கத் தெரிஞ்சவன் வழியில செத்துப் போனான். பொறி மட்டும் வந்து எறங்குது. நம்ம அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மிஷின் வர்ற லட்சணம் அன்னிக்கே உண்டு. தமிழ் எழுத்து ஜெர்மனியில ஹாலேங்கற ஊருலேருந்து 1713-ல வந்துச்சு. எழுத்து பெருசு, காகிதம் கொள்ளை கொள்ளையாத் தின்னுச்சு. அதனால சின்ன எழுத்தா இங்கேயே வார்த்தாங்க. சீமையிலேருந்து வந்த சீஸ் டப்பாவோட ஈய மூடியை உருக்கி வார்த்தாங்கன்னு ஒரு கதை இருக்கு. அந்த எடத்துல "சொல்லிக்கறாங்க" போட்டுக்க. பக்கத்துப் பொறையாத்துல காகித ஆலையும் வெச்சுப் பாத்தாங்க. 1715-ல புதிய ஏற்பாடு முழுசும் தமிழ்ல அச்சாயி வந்துச்சு.

இங்கதான் நீ வழுக்குவ. "தமிழ்ல மொதல் புஸ்தகம் அச்சடிச்ச ஊரு இது"ன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லிடாத. அது 1578-லேயே கொல்லத்துல ஆயிடுச்சு, தம்பிரான் வணக்கம்னு. நமக்குப் புதிய ஏற்பாடு போதும். மத்த ஊரு பெருமையைக் கடன் வாங்கினா வட்டி கட்டி மாளாது.

அய்யரு இன்னொண்ணு பண்ணாரு. நம்ம சாமிங்களப் பத்தி, அய்யனாரு, பிடாரி, மாரியம்மா எல்லாரையும் பத்தி வெவரமா விசாரிச்சு ஒரு பெரிய புஸ்தகமே எழுதி 1713-ல ஹாலேக்கு அனுப்பினாரு. அங்க இருந்த பெரியவரு, "உன்னை அனுப்பினது அந்தச் சாமிங்கள ஒழிக்க, நீ இங்க வந்து பரப்பறியா?"ன்னு மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டாரு. 1867-லதான் அது வெளிய வந்துச்சு. நூத்தம்பது வருஷம் அய்யனாரு ஜெர்மனியில பரண்ல குந்தியிருந்தாரு, குதிரை கூட இல்லாம. இந்தக் கதையை ஜெபக்கூட்டத்துக்கும் சொல்லு, கோயிலுக்கு வர்றவங்களுக்கும் சொல்லு. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, டீ வாங்கிக் குடுப்பாங்க.

புது எருசலேம் கோயிலை 1718-ல கட்டி முடிச்சாரு. முன்ன கட்டினதைக் கடல் வாங்கிக்கிச்சு. அடுத்த வருஷம் பிப்ரவரியில அவரே போயிட்டாரு, 36 வயசு. அந்தக் கோயிலுக்குள்ளயேதான் அடக்கம். எதிர்ச் சாரியில இருக்கற சீயோன் கோயிலு 1701-ல டேனிஷ்காரங்க தங்களுக்குன்னு கட்டினது. 1733-ல ஆரோன்னு நம்ம ஆளு ஒருத்தரு இந்த ஊருலதான் குருப்பட்டம் வாங்கினாரு, லுத்தரன் சபையில இந்தியாக்காரருக்கு அதுதான் மொதப் பட்டம். வர்றவங்க சீகன்பால்கு சிலையோட படம் எடுத்துட்டுக் கெளம்பிடுவாங்க. ஆரோனுக்கு ரெண்டு நிமிஷம் ஒதுக்கு.

இனி விக்கிற கதை. இதைக் கோட்டை மேல ஏறிக் கடலைப் பாத்துக்கிட்டே சொல்லணும்.

இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டப்ப, டேனிஷ்காரன் எந்தப் பக்கமும் சேராம நடுவுல நின்னு ரெண்டு பேரு சரக்கையும் ஏத்தி எறக்கினான். பதினெட்டாம் நூற்றாண்டு கடைசியில அப்படித்தான் இந்த ஊரு பளபளன்னு ஆச்சு, நீ பாக்கற பங்களாவுல பாதி அந்தக் காசு. அப்புறம் டென்மார்க்கே சண்டையில மாட்டிக்கிச்சு. 1808-லேருந்து ஏழு வருஷம் இங்கிலீஷ்காரன் ஊரை வெச்சிருந்துட்டுத் திருப்பிக் குடுத்தான். திரும்பி வந்தப்ப கடையில ஈ ஓட்டத்தான் ஆளு வேணும். மான்செஸ்டர் துணி வந்தப்பறம் நம்ம துணியை யாரு வாங்கறது? 1845-ல 12½ லட்ச ரூவாய்க்கு வித்துட்டான். வங்காளத்துல செராம்பூரையும் சேத்துத்தான் அந்த வெலை.

யோசிச்சுப் பாரு. நாயக்கரு குடுத்தது குத்தகைக்கு. குத்தகைக்கு வந்தவன் வித்தான். வாங்கினவனும் குத்தகைச் சீட்டைப் பாக்கலை. நடுவுல நாயக்கரு போயி, மராட்டியரு வந்து, அவங்களும் போயி, குத்தகை கேக்கவே ஆளில்ல. இந்தக் கரையில வாழ்ந்த ஒருத்தனையும் கூப்புட்டு "விக்கலாமா"ன்னு யாரும் கேக்கலை. கேட்டிருந்தாலும் எங்க தாத்தனுக்குத் தாத்தன், "ஏலம் விடுங்க, பாப்போம்"னு சொல்லியிருப்பான். மீனை விக்கிறதே ஏலத்துல, ஊரை மட்டும் என்ன பேச்சுல விக்கிறது?

பொறவு ஊரு மெதுவாத் தூங்கிப் போச்சு. கொஞ்ச காலம் கலெக்டரு இங்கதான் இருந்தாரு, 1860-ல தஞ்சாவூருக்குக் கெளம்பிட்டாரு. ரயிலு நாகப்பட்டினத்துக்குப் போச்சு, கப்பலும் அங்கேயே போச்சு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை மாயவரத்துக்கு முன்ன இந்த ஊருல முன்சீப்பா இருந்தாரு. தமிழ்ல மொதல் நாவல் எழுதினவரு. நம்மாளுங்க வழக்கு மூட்டையைக் கேட்டுக் கேட்டுத்தான் அவருக்குக் கதை எழுதற தைரியம் வந்திருக்கும்னு நான் நெனைக்கறேன். ஆதாரம் கேக்காத. 1926-ல மாயவரத்துலேருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு வழியா ஒரு ரயிலும் வந்துச்சு. நீ பொறக்கறதுக்கு முன்னயே அதையும் நிறுத்திட்டாங்க. திரும்ப விடப்போறதா ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு தடவை அது எங்க காதுல ஓடிட்டுப் போவும். கோட்டை? அதை 1978 வரைக்கும் அதிகாரிங்க வந்து தங்கற பங்களாவா வெச்சிருந்தாங்க. எஸ்கில் சம்பளமில்லாம கெடந்த எடத்துல கோழி வறுவல். இப்ப தொல்லியல் துறை காட்சிசாலை வெச்சிருக்கு.

இப்ப உன்கிட்ட ஒரு கேள்வி. டேனிஷ்காரன் வர்றதுக்கு முன்ன இங்க என்னடா இருந்துச்சு? பாத்தியா, முழிக்கற. கடலோரமா இருக்கே மாசிலாமணி நாதர் கோயிலு, அது பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்துது, பதினாலாம் நூற்றாண்டு தொடக்கம். கல்வெட்டுல ஊரு பேரு சடங்கன்பாடி. அதாவது டேனிஷ்காரன் கப்பலுக்கு மரம் வெட்டறதுக்கு முந்நூறு வருஷம் முன்னயே இங்க ஊரு இருந்திருக்கு, வரி குடுத்திருக்கோம், சாமி கும்பிட்டிருக்கோம். அந்தக் கோயிலோட முன்பக்கத்தையெல்லாம் கடல் எடுத்துக்கிச்சு. மிச்சத்துக்குத் திருப்பணி பண்ணி, கருங்கல்லைக் கொட்டித் தடுத்து வெச்சிருக்காங்க. என் சின்ன வயசுல ஓடி விளையாடின மணலு இப்ப எங்க இருக்குன்னா, படகுல ஏறிப் போயிக் காட்டணும். யாரும் இந்த ஊரை முழுசா வாங்கினதில்ல, கடல் மட்டும்தான் தவணையில வாங்கிக்கிட்டு இருக்கு.

அதனால சுற்றுலாவைக் கோட்டையில ஆரம்பிக்காத. கோயிலுல ஆரம்பி. "டேனிஷ் ஊரு"ன்னு நோட்டீசுல போட்டிருப்ப, போட்டுக்க, கூட்டம் அதுக்குத்தான் வரும். வந்தப்பறம் மொள்ள இந்தப் பக்கம் திருப்பு.

சுனாமி பத்திக் கேப்பாங்க. 2004 டிசம்பர் 26. "அலை எவ்வளவு ஒசரம்?"னு கையை ஒசத்திக் காட்டச் சொல்லுவாங்க. அந்தக் கைக் கணக்கைக் காட்டாத. ஞாயித்துக்கெழமை காலைன்னு சொல்லு, அவ்வளவு போதும். உன் சித்தப்பனை நான் எங்க தேடினேன்னு கைடு தொழிலுக்கு வேண்டியதில்ல. அப்புறம் நடந்ததைச் சொல்லலாம். ஊரு ஊராத் தொண்டு நிறுவனம் வந்துச்சு. கடல் தண்ணியில காலை நனைச்சே பழக்கமில்லாதவனுக்கும் பைபர் படகு கெடைச்சுச்சு, நாப்பது வருஷம் கடலுக்குப் போனவன் ரேஷன் கார்டு சரியில்லைன்னு வரிசையில நின்னான். வீடு தள்ளிக் கட்டிக் குடுத்தாங்க. நல்ல வீடுதான். ஆனா கடலைப் பாக்காம எங்களுக்குக் காத்து எந்தப் பக்கம்னு தெரியாது. அதனால விடியக்காலையில எல்லாக் கெழவனும் பழைய எடத்துக்கு நடந்து வந்து, நின்னு பாத்துட்டு, திரும்பிப் போயி, வீட்டுல "இன்னிக்குக் கச்சான், போவ வேண்டாம்"னு சொல்றோம். பசங்க போன்ல பாத்துட்டு, "போவலாம்"ங்கறான்.

இப்ப இங்க என்ன அழகுன்னு கேட்டா? காலையில ஆறரை மணி. நெலவாசலைத் தாண்டி கிங் ஸ்ட்ரீட்ல நட. பஸ்ஸு இரைச்சல் பின்னாடி நின்னுடும். மஞ்சச் சுவரு, பழைய தூணு, சீயோன் கோயிலு, ஒரு பக்கம் பள்ளிவாசல். திண்ணையில ஒரு நாய் கவர்னர் கணக்காப் படுத்திருக்கும், அதை எழுப்பாத, ஊருல பதவி போவாத ஒரே ஆளு அதுதான். வீடுங்களைப் பழசு மாறாம சரி பண்ணி வெச்சதுல டென்மார்க்குலேருந்து வந்த அன்பர்களுக்கும் பங்கு உண்டு, அதை மறைக்காம சொல்லு. அவங்க தாத்தன் வித்த ஊரைப் பேரன் வந்து வெள்ளையடிச்சுக் குடுக்கறான்னா அதுல ஒரு ஞாயம் இருக்கு. எனக்கு ஒரே ஒரு வருத்தம், கவர்னர் பங்களாவுக்கு வந்த கவனிப்புல கால்வாசி நம்ம தெருச் சாக்கடைக்கு வரலை. சாக்கடை டேனிஷ்காரன் கட்டினதுன்னு எழுதிப் போட்டுப் பாக்கலாமான்னு பஞ்சாயத்துல கேட்டிருக்கேன்.

கல்யாணப் படம் எடுக்கறவங்களும் சினிமாக்காரங்களும் வருவாங்க. கோட்டைச் சுவத்துல சாஞ்சு, சம்பந்தமில்லாத பக்கம் பாத்துக்கிட்டு நிப்பாங்க. நிக்கட்டும். பாறையில ஏற மட்டும் விடாத, அந்தக் கருங்கல்லுல பாசி வழுக்கும்.

அப்புறம் மீன் ஏலத்துக்குக் கூட்டிப் போ. நானூறு வருஷம் துறைமுகம் துறைமுகம்னு பேரு வாங்கின ஊருக்கு, மீன்பிடித் துறைமுகம்னு கல்லுல கட்டினது இப்பத்தான் வந்திருக்கு. அங்க பொம்பளைங்க ஏலம் கேக்கறதைப் பாத்தா, ரகுநாத நாயக்கரே உக்காந்து பாடம் படிப்பாரு. ஆனா வந்தவங்கள சுருக்குமடி வலையைப் பத்தி மட்டும் ஒருத்தன்கிட்டயும் கேக்க விடாத. ஒவ்வொரு ஊருக்காரனும் ஒவ்வொண்ணு சொல்லுவான், நடுவுல உன் சட்டை கிழியும்.

சாப்பாடு. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாளு விசைப்படகு கடலுக்குப் போவாது. அந்த நாள்ல "இப்பத்தான் கடல்லேருந்து வந்த வஞ்சிரம்"னு ஓட்டல்ல சொன்னா, எந்தக் கடல்லேருந்துன்னு கேளு. ஐஸ் பெட்டியில லாரி ஏறி வந்த மீனு, அதுக்கு நம்ம ஊர்க்காரனைவிட ஜாஸ்தி பிரயாண அனுபவம் இருக்கும். அந்தக் காலத்துல வர்றவங்களுக்கு சின்னப் படகு கொண்டாந்த சங்கராவோ நெத்திலியோ போடு, உங்காத்தா கைக் கொழம்பு. வெலையை மட்டும் உங்காத்தா கிட்ட கேக்காம முடிவு பண்ணாத. அவ ஏலத்துல வளந்தவ.

ஆமா, கேக்க மறந்துட்டேனே. உன் நோட்டீசுல நடுவுல என் மூஞ்சியப் போடப் போறியாமே, முண்டாசோட? "பாரம்பரிய மீனவ முதியவர்"னு அடியில எழுதி? பேஷ், போட்டுக்க. ஆனா குத்தகைக்குத்தான், தெரியுதா? வருஷத்துக்கு 3111 கேக்கலை, அந்தக் காலத்து ரூவாயில அது உன்னால கட்ட முடியாது. மாசம் பொறந்தா ஒரு கட்டு வெத்தலை, பன்னீர்ப் புகையிலை, ஞாயித்துக்கெழமை ஒரு கொடுவாத் தலை. சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடு. என் மூஞ்சியை எவன்கிட்டயாவது வித்தியோ, மவனே, நாயக்கரு மாதிரி செத்துப் போயி சும்மா இருக்க மாட்டேன்.